கீப்பர் ஆஃப் தி செவன் கீஸ்: கேட்பவர்களும் வாசிப்பவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எந்த ஆல்பம் இது? யார் வாசித்தது?

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைச் சேர்ந்த ஹெலோவீன் குழு 1987-இல் முதல் பாகமாகவும் 1988-இல் இரண்டாம் பாகமாகவும் வெளியிட்ட ஆல்பம். பாடகர் மைக்கேல் கிஸ்கே. கிட்டார் கை ஹான்சன், மைக்கேல் வைகாத். பேஸ் மார்க்குஸ் குரோஸ்கோப். ட்ரம்ஸ் இங்கோ ஷ்விக்டன்பெர்க். ஹனோவர் நகரின் ஹோரஸ் சவுண்ட் ஸ்டுடியோவில் பதிவானது. டாமி நியூட்டன், டாமி ஹான்சன் இருவரும் தயாரித்தார்கள். இந்த டாமி ஹான்சனும் கிட்டார் வாசித்த கை ஹான்சனும் வேறு வேறு ஆட்கள். வெளியிட்டது நாய்ஸ் ரெக்கார்ட்ஸ்.

குழுவின் முதல் முழு ஆல்பமாக 1985-இல் வந்த ‘வால்ஸ் ஆஃப் ஜெரிக்கோ’வில் கிட்டாரையும் பாட்டையும் ஹான்சனே பார்த்துக்கொண்டார். வேகம் இருந்தது, கோபம் இருந்தது, ஆனால் மெட்டு கேட்ட உயரத்துக்கு அவர் குரல் எட்டவில்லை. அதனால்தான் தனியாக ஒரு பாடகரைத் தேடினார்கள். இல் ப்ராஃபஸி என்ற சிறு குழுவில் பாடிக்கொண்டிருந்த கிஸ்கே வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 18.

ஒரே ஆல்பம் என்றால் ஏன் இரண்டு பாகம்?

இரட்டை ஆல்பமாகவே வெளியிட வேண்டும் என்று குழு நினைத்தது. நிறுவனம் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் முதல் பாகம் ஏறத்தாழ 37 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அதில் முன்னுரையையும் முடிவுரையையும் கழித்தால் முழுப் பாடல்கள் ஆறுதான். இந்தச் சுருக்கம் அந்தப் பாகத்துக்கு நன்மையே செய்தது என்பது எங்கள் கருத்து. தூக்கிப் போட ஒரு நிமிடம்கூட அதில் கிடையாது.

பவர் மெட்டல் என்று எதைச் சொல்கிறார்கள்?

ஹெவி மெட்டலின் ஒரு கிளை. அயர்ன் மெய்டனிடமிருந்து இரட்டை கிட்டார், ஜூடஸ் ப்ரீஸ்ட்டிடமிருந்து உச்சக் குரல், ரெயின்போவிடமிருந்து கற்பனைக் கதையும் செவ்வியல் சாயலும், த்ராஷ் (அதிவேகமான, ஆவேசமான மெட்டல்) குழுக்களிடமிருந்து வேகம். இவற்றை எடுத்துக்கொண்டு, மெட்டு எப்போதும் முன்னால் நிற்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் கிடைப்பதுதான் இந்த இசை. பாட்டு முடிந்த பிறகு பல்லவியை உங்களால் முணுமுணுக்க முடியவில்லை என்றால் அது நல்ல பவர் மெட்டல் இல்லை.

அப்படி என்ன ஈர்ப்பு இதில்? இத்தனை வருடம் கழித்தும் ஏன் பேசுகிறார்கள்?

1987-இல் மெட்டல் உலகத்தின் வேகமான பாதி கோபத்தையும் போரையும் சாவையும் பாடிக்கொண்டிருந்தது. மெட்டு தெரிந்த பாதியில் பல குழுக்கள் வானொலிக்கு ஏற்ற மிதமான பாட்டுகளுக்கு நகர்ந்துகொண்டிருந்தன. த்ராஷின் வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதன் மேல் முழு மகிழ்ச்சியை ஏற்றியவர்கள் ஹெலோவீன். சோகமும் ஆவேசமும்தான் கனமான இசை என்று ஒரு எண்ணம் எல்லா ஊரிலும் உண்டு. இந்த ஆல்பம் அதை உடைத்தது. மகிழ்ச்சியைக் கொஞ்சமும் கூச்சப்படாமல், அதே நேரம் விரல் தேயும் அளவுக்கு உழைத்து வாசித்திருக்கிறார்கள். ஈர்ப்பு எங்கே என்று எங்களைக் கேட்டால் இந்த இடத்தைத்தான் காட்டுவோம்.

‘ஃபியூச்சர் வேர்ல்ட்’ பாட்டின் பல்லவியைக் கேளுங்கள். பிரகாசமான மேஜர் நிறம், சங்கராபரணம் தெரிந்த காதுக்கு உடனே பிடிபடும் நிறம். குழந்தைகள் கூடிப் பாடலாம் போன்ற எளிய மெட்டு. அதற்கு அடியில் கிட்டார்கள் உள்ளங்கையால் கம்பியை அமுக்கி இடைவிடாமல் வெட்டிக்கொண்டிருக்கின்றன. மேலே திறந்த வானம், கீழே ஓடும் இயந்திரம். இரண்டில் எது குறைந்தாலும் பாட்டு விழுந்துவிடும். மெட்டை மட்டும் எடுத்தால் குழந்தைப் பாட்டு. கிட்டாரை மட்டும் எடுத்தால் வெறும் பயிற்சி.

இரண்டாவது காரணம், இந்தக் குழுவில் பாட்டு எழுதத் தெரிந்தவர்கள் மூன்று பேர். ஹான்சனின் பாடல்கள் நேராகப் பாய்பவை: ‘ஐம் அலைவ்’, ‘ட்விலைட் ஆஃப் தி காட்ஸ்’, ‘மார்ச் ஆஃப் டைம்’, ‘ஐ வான்ட் அவுட்’. வைகாத் எழுதியவற்றில் பெரிய வளைவுகளும் விளையாட்டும் அதிகம்: ‘ஈகிள் ஃப்ளை ஃப்ரீ’, ‘டாக்டர் ஸ்டைன்’, இரண்டாம் பாகத்தின் தலைப்புப் பாடல். கிஸ்கே எழுதிய ‘எ லிட்டில் டைம்’, ‘யூ ஆல்வேஸ் வாக் அலோன்’ இரண்டும் குரலைச் சுற்றியே கட்டப்பட்டவை. மூவரும் மூன்று திசையில் இழுத்ததால்தான் நாற்பது நிமிடம் வேகமாகவே போனாலும் சலிக்கவில்லை. பிறகு இந்தப் பாணியைப் பின்பற்றி வந்த குழுக்களில் பெரும்பாலானவை கோட்டை விட்டது இங்கேதான். வேகத்தை எடுத்துக்கொண்டார்கள், வகையை விட்டுவிட்டார்கள்.

எதில் தொடங்குவது? முதல் பாகமா, இரண்டாம் பாகமா?

ஒரே ஒரு பாட்டு என்றால் ‘ஈகிள் ஃப்ளை ஃப்ரீ’. ஒரு முழு உட்கார்வு என்றால் முதல் பாகம், வரிசை மாறாமல். இரண்டாம் பாகத்தில் உச்சங்கள் இன்னும் உயரம், ஆனால் மேடு பள்ளமும் உண்டு. ‘ரைஸ் அண்ட் ஃபால்’ விளையாட்டுத்தனமான பாட்டு, எல்லாருக்கும் ஒத்துவராது. ‘வீ காட் தி ரைட்’ குரலுக்காகக் கேட்கலாம், மெட்டு கொஞ்சம் இழுக்கும். முதல் பாகத்தின் ‘ஃபாலோ தி சைன்’ ஒரு கதவு மட்டுமே, அதைத் தனியாகக் கேட்டு மதிப்பிடாதீர்கள்.

மெட்டலே பழக்கமில்லாதவர்கள் ‘ஐ வான்ட் அவுட்’டில் தொடங்கலாம். நான்கரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், நடுத்தர வேகம், மறக்க முடியாத கிட்டார் மெட்டு. பின்னாளில் ஹாமர்ஃபாலும் சொனாட்டா ஆர்க்டிகாவும் இதை எடுத்து வாசித்திருக்கிறார்கள்.

‘ஈகிள் ஃப்ளை ஃப்ரீ’யில் எதைக் கவனிக்க வேண்டும்?

நடுவில் வரும் தனி வாசிப்பை. வழக்கமாக இந்த இடத்தில் கிட்டார் மட்டும் பேசும். இங்கே கிட்டார்கள் முடித்ததும் பேஸ் முன்னால் வருகிறது, பிறகு ட்ரம்ஸுக்கும் தனி இடம் கிடைக்கிறது. ஐந்து நிமிடப் பாட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை. குரோஸ்கோப்பின் பேஸ் மெல்லிய ஒலியில் கரைந்து போகாமல் தெளிவாகக் கேட்கும் இடம் இது. அதைப் பிடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து கேளுங்கள். சரணத்திலும் அவர் கிட்டாரின் அடியொற்றி மட்டும் போகாமல் தனியாக ஒரு மெட்டு நெய்துகொண்டிருப்பது அப்போதுதான் காதில் விழும்.

13 நிமிட ‘ஹாலோவீன்’ பாட்டை எப்படிக் கேட்பது? பாதியில் கவனம் சிதறுகிறது.

நீளமான ஒரு பாட்டாகக் கேட்டால் சிதறத்தான் செய்யும். நாடகமாகக் கேளுங்கள். தொடக்கம் மெதுவானது, மிரட்டும் சாயலுடையது. பிறகு முகமூடி போட்டுக் கதவைத் தட்டிப் போகும் அக்டோபர் 31 இரவின் கொண்டாட்டம், வேகமான சரணங்கள், பல்லவி. இதுவரை விளையாட்டு. நடுப்பகுதியில் விளக்கு அணைகிறது. இருட்டில் நிற்பவன் தான் எங்கே இருக்கிறோம் என்று கேட்கிறான். ஆசை காட்டும் குரல் வருகிறது. அதன் பின் நீண்ட கிட்டார் பகுதி. கடைசியில் பாட்டு மீண்டும் வேகத்துக்குத் திரும்புகிறது.

முதல் மூன்று தடவை நடுப்பகுதி வரை மட்டும் கேளுங்கள். பல்லவி மனதில் பதிந்த பிறகு முழுவதையும் கேட்டால், இருட்டுப் பகுதியிலிருந்து வெளியே வரும்போது அந்தத் தெரிந்த மெட்டு எவ்வளவு ஆறுதலாக இருக்கிறது என்று தெரியும். வேலை செய்துகொண்டே பின்னணியில் ஓடவிட ஏற்ற பாட்டு இது கிடையாது. இந்தப் பாட்டுக்கு எடுத்த காணொளியில் நீளத்தைப் பாதிக்கும் கீழே வெட்டிவிட்டார்கள். அதை மட்டும் பார்த்தவர்கள் நாடகத்தைத் தவறவிட்டவர்கள்.

கதை என்ன? வரிகள் சிறுபிள்ளைத்தனமாக இருக்கின்றனவே?

இரண்டு பாகத்தையும் கோக்கும் முழுக்கதை என்று ஒன்றைத் தேடினால் ஏமாற்றம்தான். கதை இருப்பது பெரும்பாலும் இரண்டாம் பாகத்தின் தலைப்புப் பாடலில். சாவிகளைக் காப்பவன் அவற்றை ஏழு கடல்களில் எறிய வேண்டும். முதல் கடல் வெறுப்பு, இரண்டாவது அச்சம், பிறகு வருபவற்றில் பேராசையும் அறியாமையும் உண்டு. கடைசிக் கடற்கரையில் தீயவனே உட்கார்ந்திருக்கிறான். அவ்வளவுதான்.

தாய்மொழி ஆங்கிலம் இல்லாத இளைஞர்கள் ஆங்கிலத்தில் எழுதியவை இந்த வரிகள். சில இடங்களில் இலக்கணம் நொண்டும், எதுகை இழுபடும். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அச்சத்தையும் பேராசையையும் பெயர் சொல்லித் தூக்கி எறியும் ஒரு பாட்டை நம்பிக்கையோடு பாடுவதற்குத் துணிவு வேண்டும். பாடுபவர் ஒரு நொடி நம்பாமல் போனாலும் அது கேலியாகிவிடும். கிஸ்கே ஒரு நொடிகூட நம்பிக்கை இழக்கவில்லை. ‘டாக்டர் ஸ்டைன்’ மாதிரியான பாட்டில் உயிர்களைச் செய்து தள்ளும் விஞ்ஞானியை வைத்து விளையாடுகிறார்கள். அங்கேயும் வாசிப்பில் விளையாட்டு இல்லை.

கிஸ்கேயின் குரலில் அப்படி என்ன தனித்தன்மை?

மேல் ஸ்தாயியில் பாடும் மெட்டல் பாடகர்கள் பலர் உண்டு. அவர்களில் பலருக்கு மேலே போகப் போக ஒலி மெலிந்து கீச்சிடும், இல்லையென்றால் கரகரப்பைச் சேர்த்து ஒப்பேற்றுவார்கள். கிஸ்கேயின் குரல் மேலே போனாலும் உருண்டையாக இருக்கிறது, கரகரப்பு கிட்டத்தட்ட இல்லை. நீட்டிப் பிடிக்கும் ஸ்வரத்தின் பின்பாதியில் மட்டும் அதிர்வைத் திறந்துவிடுகிறார். முதலில் நேர்கோடு, பிறகு அலை. ‘எ டேல் தட் வாஸன்ட் ரைட்’ என்ற மெதுவான பாட்டில் இதைத் துல்லியமாகப் பார்க்கலாம். கீழ்ஸ்தாயியில் தொடங்கிப் படிப்படியாக ஏறும்போது குரல் எங்கே மாறுகிறது என்று ஒட்டுத் தெரியாது.

அந்தப் பாடல்களைப் பாட முடியுமா? தொண்டை கட்டிக்கொள்கிறது.

தொண்டை கட்டுவதற்கு முக்கியக் காரணம், பேசும் குரலை அப்படியே பலவந்தமாக மேலே தள்ளுவது. சத்தத்தைக் கூட்டினால் உயரம் கிடைக்கும் என்று தோன்றும். அது நேர் எதிர். முதலில் பாட்டின் சுருதியை 3 அல்லது 4 அரைச்சுரம் இறக்கிக்கொள்ளுங்கள். கைபேசிச் செயலிகளிலேயே இது முடியும். பாடுவதற்கு முன் 10 முதல் 15 நிமிடம் உதட்டை அதிரவிட்டுக் கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே சறுக்குங்கள். உச்சிப் பகுதியை முதலில் பொய்க்குரலில் மெதுவாகப் பாடி இடத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு அதற்குக் கொஞ்சம் கொஞ்சமாக உடல் கொடுங்கள். வாயை அகலமாகத் திறந்து ‘ஆ’ என்று கத்தாமல், உயிரொலியைச் சற்றே குறுக்கி ‘ஓ’ பக்கம் சாய்த்தால் இறுக்கம் குறையும்.

கீழே நன்றாகப் பாட வந்த பிறகு, ஒவ்வொரு அரைச்சுரமாக ஏற்றுங்கள். வலித்தால் நிறுத்த வேண்டும், மறு பேச்சே இல்லை. குரல் கரகரப்பு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

இரண்டு கிட்டாரும் சேர்ந்து பாடுவது போல் ஒலிக்கிறதே, அது எப்படி?

ஒரு கிட்டார் மெட்டை வாசிக்கும், மற்றது அதே மெட்டை மூன்றாவது ஸ்வரம் தள்ளி மேலே வாசிக்கும். ச வாசித்தால் மற்றவர் க. ரி வாசித்தால் ம. க வாசித்தால் ப. கேட்கச் சுலபம், ஆனால் புதிதாகத் தொடங்குபவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே ஒரே குழியில் விழுவார்கள்: இரண்டாவது கிட்டாரை எப்போதும் ஒரே எண்ணிக்கையில் தள்ளி வைப்பது.

ஏ மைனரை எடுத்துக்கொள்ளுங்கள். நடபைரவியின் ஸ்வரங்கள்தான். ச–க இடைவெளி 3 ஃப்ரெட் (ஒரு ஃப்ரெட் என்பது ஓர் அரைச்சுரம்), ரி–ம 3, க–ப 4, ம–த 3, ப–நி 3, த–மேல் ச 4, நி–மேல் ரி 4. அதாவது நான்கு இடத்தில் 3, மூன்று இடத்தில் 4. எல்லாவற்றையும் 4 என்று வாசித்தால் ச-வுக்கு மேலேயே ராகத்துக்கு வெளியே உள்ள ஸ்வரம் விழுந்து, காது உடனே முகம் சுளிக்கும். ஜோடிகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு ஜோடியையும் நான்கு எண்ணிக்கை நீட்டி வாசித்துப் பழகுங்கள். காது பிடித்துக்கொண்டால் தாள் தேவைப்படாது.

கம்பியை வளைக்கும் இடம் இன்னும் கடினம். முதல் கிட்டார் ரி-யிலிருந்து க-வுக்கு வளைத்தால் அது அரைச்சுரம். அதே நேரம் இரண்டாவது கிட்டார் ம-விலிருந்து ப-வுக்கு வளைக்க வேண்டும், அது முழுச்சுரம். வளைக்கும் தூரம் வேறு, போய்ச் சேரும் நேரம் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே ஒருவர் முந்தினால் இரண்டு நொடிக்குள் மெட்டு கசந்துவிடும். அதிர்வின் வேகத்தையும் இருவரும் ஒத்துப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். எட்டாவது பங்குக்கு (அரைத் துடிப்புக்கு) ஒரு அசைவு என்று தாளத்தோடு கட்டிவிட்டால் சண்டை வராது.

கிட்டார் ஒலிக்கு என்ன அமைப்பு?

கெயினை, அதாவது ஒலியைக் கரகரப்பாக்கும் அளவை, குறையுங்கள். நினைப்பதை விட இன்னும் குறைவு. தனியாக வாசிக்கும்போது கெயின் அதிகம் இருந்தால் இனிக்கும். இருவர் மூன்றாவது ஸ்வரத்தில் சேர்ந்து வாசிக்கும்போது அதே கெயின் இரண்டு ஸ்வரத்தையும் கூழாக்கிவிடும். உள்ளங்கையால் அமுக்கி 16-ஆம் பங்கில் (ஒரு துடிப்புக்கு நான்கு அடி) வாசிக்கும்போது ஒவ்வொரு அடியும் தனியாகக் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்காவிட்டால், கேட்கும் வரை கெயினை இறக்குங்கள். நடு அதிர்வெண்ணை வெட்டி எடுக்கவே கூடாது, மெட்டு உட்காரும் இடம் அது. 10–46 கம்பியும் 1 மில்லிமீட்டர் பிக்கும் (கம்பியை மீட்டும் வில்லை) போதும். மெல்லிய பிக் வேகத்தில் மடங்கும், தாளம் பின்தங்கும்.

அந்த இரட்டை பேஸ் ட்ரம் வேகத்தை எப்படிப் பழகுவது?

கணக்கை முதலில் பார்ப்போம். நிமிடத்துக்கு 160 துடிப்பு, ஒவ்வொரு துடிப்புக்கும் நான்கு அடி என்றால் நிமிடத்துக்கு 640 அடி, நொடிக்கு பத்துக்கும் மேல். ஒரு காலுக்கு நொடிக்கு ஐந்துக்கும் மேல். அதைப் பல்லவி முழுக்கத் தாக்குப் பிடிக்க வேண்டும். இங்கோவின் சிறப்பு வேகம் மட்டும் என்று நினைத்தால் பாதியைத்தான் கேட்டிருக்கிறோம். சரணத்தில் அவர் காலை அடக்கி வைக்கிறார், பல்லவியில் திறந்துவிடுகிறார். அதனால்தான் பல்லவி வந்ததும் பாட்டு தரையை விட்டு எழும்புகிறது. எல்லா இடத்திலும் உருட்டிக்கொண்டே இருந்தால் இந்த எழுச்சி கிடைக்காது.

பயிற்சி இப்படி:

1. இருக்கை உயரம் முதலில். தொடை முழங்காலை நோக்கிச் சற்றே சரிந்திருக்க வேண்டும். தாழ்வாக உட்கார்ந்தால் இடுப்பின் முன்தசை சீக்கிரம் எரியத் தொடங்கும்.
2. மெட்ரோனோமை 100-இல் வைத்து 16-ஆம் பங்கில் ஒரு நிமிடம். மூன்று முறை தொடர்ந்து சுத்தமாக வந்தால் மட்டும் 4 துடிப்பு ஏற்றுங்கள்.
3. ஒரு நாள் வலது காலில் தொடங்கினால் மறுநாள் இடது காலில் தொடங்குங்கள்.
4. 130, 140 பக்கம் வரும்போது முழுக்காலையும் தூக்கும் அசைவு ஒத்துழைக்காது. குதிகாலைச் சற்றே உயர்த்தி வைத்துக் கணுக்கால் அசைவுக்கு மாறும் இடம் இது. மாறும் வாரங்களில் வேகம் குறையும், அது இயல்பு.
5. வாரம் ஒருமுறை பதிவு செய்து, பாதி வேகத்தில் ஓடவிட்டுக் கேளுங்கள்.

பதிவில் பெரும்பாலும் தெரிவது இடது கால் தாமதம். குதிரை நொண்டுவது போல ‘தட-தட’ என்று ஜோடி ஜோடியாகக் கேட்கும். ஸ்ப்ரிங்கை இறுக்கினால் சரியாகும் என்று பலர் அதைத் திருகிக்கொண்டே இருப்பார்கள். இடது காலை மட்டும் 8-ஆம் பங்கில் தனியாக ஐந்து நிமிடம் ஓட்டுவதுதான் மருந்து. கெண்டைக்கால் கல்லாக இறுகினால் அன்றைக்குப் பயிற்சி போதும்.

பேஸ் குறைவாக, ஒலி மெலிதாக இருக்கிறதே. என் ஹெட்ஃபோனில் கோளாறா?

கோளாறு இல்லை. அந்தக் காலத்து ஒலிக்கலவை அப்படி: ட்ரம்ஸில் எதிரொலி அதிகம், அடி ஒலி மெலிது, குரலும் கிட்டாரும் முன்னால். 100 ஹெர்ட்ஸ் பக்கம் 2 முதல் 3 டெசிபல் கூட்டி, 3000 ஹெர்ட்ஸைச் சுற்றி 2 டெசிபல் குறைத்தால் காது நோகாமல் கேட்கலாம். அதற்கு மேல் திருகாதீர்கள். அடி ஒலியை நிறைய ஏற்றினால் இரட்டை பேஸ் ட்ரம் ஒரே உறுமலாகிவிடும், அடிகள் தனித்தனியாகக் கேட்காது.

ஸ்ட்ரீமிங்கில் கேட்கும்போது பாட்டுகளுக்கு நடுவில் வெட்டு விழுகிறது.

செயலியின் அமைப்பில் இடைவெளியில்லாமல் ஓடும் வசதியை இயக்குங்கள், கிராஸ்ஃபேடை (ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் வசதி) 0-வில் வையுங்கள், ஷஃபிளை அணையுங்கள். ‘இனிஷியேஷன்’ ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஏறி ஏறிப் போய் ‘ஐம் அலைவ்’வில் வெடிக்கிறது. இரண்டாம் பாகத்தில் ‘இன்விடேஷன்’ அதே போல ‘ஈகிள் ஃப்ளை ஃப்ரீ’க்குக் கதவு திறக்கிறது. அந்த மூட்டில் ஒரு நொடி மௌனம் விழுந்தாலும் கட்டிய எதிர்பார்ப்பு சிதறிவிடும். கிராஸ்ஃபேட் இன்னும் மோசம், முதல் அடியையே விழுங்கிவிடும்.

இசைத்தட்டில் கடைசிப் பாட்டு மட்டும் கீறலாக ஒலிக்கிறது. தட்டு கெட்டதா?

அவசரப்பட்டுத் தட்டைக் குறை சொல்லாதீர்கள். முதல் பாகத்தின் இரண்டாம் பக்கத்தில் ‘ஃபியூச்சர் வேர்ல்ட்’டுக்குப் பிறகு 13 நிமிட ‘ஹாலோவீன்’, அதன் பின் ‘ஃபாலோ தி சைன்’. அதாவது ஆல்பத்தின் நெரிசலான பகுதி தட்டின் மையத்துக்கு அருகே போய்விடுகிறது. தட்டு சுற்றும் வேகம் மாறாது, ஆனால் மையத்தை நெருங்க நெருங்க ஒவ்வொரு சுற்றின் நீளமும் சுருங்கும். ஒரு நொடி இசை குறைந்த நீளத்தில் அடைபடுவதால் சிம்பலும் ‘ஸ’ ஒலியும் முதலில் கரகரக்கும். ஊசி தேய்ந்திருக்கிறதா, கேட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் சிறு பகுதி) நேராக அமைந்திருக்கிறதா என்று பாருங்கள். அமைப்புத் தாளை வைத்து உள்புள்ளி, வெளிப்புள்ளி இரண்டிலும் சரிசெய்யுங்கள். ஊசியின் எடையைக் கேட்ரிட்ஜ் தயாரிப்பாளர் சொன்ன அளவில் வையுங்கள், பயந்துகொண்டு குறைப்பதுதான் தட்டைக் கெடுக்கும்.

பழைய சிடியா, ஒலியைத் திரும்பச் சீர்செய்த மறுசெம்மைப் பதிப்பா?

இரண்டும் கிடைத்தால் பழைய சிடி. சத்தம் குறைவாக இருக்கும், ஒலியளவைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள். மெதுவான பகுதிக்கும் வெடிக்கும் பகுதிக்கும் இடையிலான தூரம் அதில் முழுசாக இருக்கும். ‘ஹாலோவீன்’ போன்ற பாட்டு வாழ்வதே அந்தத் தூரத்தில்தான். கூடுதல் பாடல்கள் வேண்டும் என்பவர்களுக்குப் பிந்தைய விரிவான பதிப்புகள்.

குழுவுக்குப் பிறகு என்ன ஆனது?

இரண்டாம் பாகம் வந்த சில மாதங்களில் ஹான்சன் விலகி காமா ரே குழுவைத் தொடங்கினார். அவர் எழுதிய ‘ஐ வான்ட் அவுட்’டை அந்த விலகலோடு சேர்த்துக் கேட்காத ரசிகர் குறைவு. அவர் இடத்துக்கு ரோலண்ட் கிராப்போ வந்தார். 1993-இல் கிஸ்கேயும் இங்கோவும் குழுவில் இல்லாமல் போனார்கள். மனநோயோடு போராடிய இங்கோ 1995 மார்ச்சில் உயிரை மாய்த்துக்கொண்டார். இந்த ஆல்பத்தின் துள்ளலில் பாதி அவருடைய கால்களிலிருந்து வந்தது. அதை அறிந்துதான் கேட்க வேண்டும்.

ஆண்டி டெரிஸ் பாடகராக வந்து குழு தொடர்ந்தது. 2017-இல் ஹான்சனும் கிஸ்கேயும் திரும்ப வந்து, இருக்கும் உறுப்பினர்களோடு ஏழு பேராக மேடையேறினார்கள். 2021-இல் குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட ஆல்பம் வந்தது. அதன் ட்ரம்ஸ் பதிவுக்கு டேனி லோப்லே உட்கார்ந்து வாசித்தது இங்கோவின் பழைய ட்ரம் செட்டில்.

கேட்டுப் பார்த்தேன், பிடிக்கவில்லை. என்ன செய்வது?

எது பிடிக்கவில்லை என்பதைப் பொறுத்தது. குரலின் உயரம் இடித்தால் ‘வால்ஸ் ஆஃப் ஜெரிக்கோ’வுக்குப் போங்கள், அங்கே முரட்டுத்தனம் அதிகம். மகிழ்ச்சி திகட்டினால் ப்ளைண்ட் கார்டியனின் 1995 ஆல்பம் ‘இமாஜினேஷன்ஸ் ஃப்ரம் தி அதர் சைட்’, அதே இலக்கணம், இருண்ட நிறம். ஒலிப்பதிவுதான் பிரச்சினை என்றால் 2017–18 பயணத்தின் நேரடிப் பதிவுகளில் இதே பாடல்கள் கனத்த ஒலியில் கிடைக்கும்.

பிடித்துவிட்டது. அடுத்து?

காமா ரேயின் ‘லேண்ட் ஆஃப் தி ஃப்ரீ’ (1995). அதில் ‘டைம் டு ப்ரேக் ஃப்ரீ’ பாட்டைப் பாட ஹான்சன் அழைத்தது கிஸ்கேயை. பிறகு ஸ்ட்ராடோவாரியஸின் ‘விஷன்ஸ்’ (1997), பின்லாந்தின் குளிர்ந்த துல்லியம். பிரேசிலின் ஆங்க்ரா 1993-இல் வெளியிட்ட ‘ஏஞ்சல்ஸ் க்ரை’, ஆந்த்ரே மாட்டோஸின் குரலுக்காகவே. கிஸ்கேயை மீண்டும் கேட்க வேண்டுமானால் அவாண்டேசியாவின் 2001 ஆல்பம் ‘தி மெட்டல் ஆபரா’. இந்த வரிசையில் ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டு முடிக்காதீர்கள். ஒவ்வொன்றையும் பல்லவிகள் வாயில் வரும் வரை வைத்துக்கொண்டு அடுத்ததுக்குப் போங்கள்.